உங்கள் றொட்வைலர் அம்மாவைப் பார்த்து ஏன் உறுமினான்

கொக்குவிலில் இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். வீட்டில் அப்பா, அம்மா, தான் என்று மூன்று பேர், அண்ணன் கனடாவில். களவுப் பயத்துக்காக அண்ணன் காசு அனுப்பி வாங்கிய ஆண் றொட்வைலர் நாய்க்கு இப்போது பத்து மாதம். அப்பா சொன்னால் கேட்கிறான். தான் சொன்னால் திரும்பிப் பார்த்துவிட்டு நின்ற இடத்திலேயே நிற்கிறான். போன கிழமை சாப்பாட்டுச் சட்டியை எடுக்கக் குனிந்த அம்மாவைப் பார்த்து உறுமியிருக்கிறான். அன்றிலிருந்து பகல் முழுக்க மாமரத்தடியில் சங்கிலி, இரவில் மட்டும் அவிழ்த்துவிடுகிறார்கள். "இந்தச் சாதியே இப்பிடித்தானோ? ஆருக்கும் குடுத்துவிடுறதோ?" என்று முடித்திருக்கிறார்.

குடுத்துவிட வேண்டாம். நீங்கள் எழுதியதில் எனக்குப் பயம் தந்தது அந்த உறுமல் இல்லை, சங்கிலிதான். ஏன் என்று சொல்வதற்கு முன், இவன் எங்கே இருந்து வந்தவன் என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அது தெரியாமல் இந்த நாயோடு வாழ்வது கஷ்டம்.

தென் ஜேர்மனியில் நெக்கார் ஆற்றங்கரையில் றொட்வைல் என்று ஒரு பழைய ஊர் இருக்கிறது. ரோமர் காலத்திலேயே குடியேறிய இடம். படைக்கு இறைச்சிக்காகக் கொண்டுபோன மாட்டு மந்தைகளை ஓட்டிய நாய்களின் வழிவந்தது இந்தச் சாதி என்று சொல்வார்கள். பிற்காலத்தில் அந்த ஊர் பெரிய மாட்டுச் சந்தையாக வளர்ந்தது. இறைச்சி வியாபாரிகள் மாடு வாங்க இந்த நாய்களோடு போவார்கள். நாய் மாட்டை ஓட்டிவரும், இறைச்சி வண்டியும் இழுக்கும். கசாப்புக்காரர் நாய் என்பதே அங்கே இதற்குப் பெயராக இருந்தது. 19-ம் நூற்றாண்டில் மாடுகள் ரயிலில் போகத் தொடங்கியதும் நாய்க்கு வேலை போய்விட்டது, சாதியும் அருகிப்போனது. 1910-ல் ஜேர்மனியில் பொலிஸ் நாயாக அங்கீகரித்த பிறகுதான் திரும்பத் தழைத்தது. 1921-ல் இதற்கென்றே ஜேர்மன் சங்கம் அமைந்தது. எங்கட ஊரில் பலர் 'றொட்வீலர்' என்கிறார்கள். ஊர்ப்பெயரில் இருந்து வந்த பெயர் என்பதால் றொட்வைலர் என்பதே சரி.

இப்போது அந்த வேலையை நினைத்துப் பாருங்கள். தன்னைவிடப் பத்து மடங்கு பாரமான ஒரு நாம்பன் தெருவின் நடுவில் நின்று முறைக்கிறது. மாட்டுக்காரர் மந்தையின் பின்னால் எங்கேயோ வருகிறார். அவர் சொல்லும்வரை காத்திருந்தால் மாடு கலைந்துவிடும். நாய்தான் பார்க்க வேண்டும், யோசிக்க வேண்டும், முடிவெடுக்க வேண்டும். குரைத்துப் பயனில்லை, தோளைக் கொடுத்துத் தள்ள வேண்டும், வழியை மறித்து நிற்க வேண்டும். பல நூறு வருடமாக இப்படி யோசிக்கிற நாயைத்தான் தெரிவு செய்து வளர்த்திருக்கிறார்கள். அந்த மூளைதான் இன்று உங்கள் வளவில் நிற்கிறது.

ஆகவே நீங்கள் "இரு" என்றதும் அவன் நின்று பார்ப்பது முரண்டு இல்லை. ஒரு லாப்ரடோர் சொல்லி முடிய முதலே இருந்துவிடும். அல்சேசன் உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டே ஓடிவரும். றொட்வைலர் கேட்பான், நிற்பான், பிறகுதான் செய்வான். அந்த இடைவெளி இரண்டு மூன்று விநாடி. அதற்குள் நாங்கள் பொறுமை இழந்து "இரு, இரு, இரடா!" என்று கத்திவிடுகிறோம். அவன் என்ன படிக்கிறான்? முதல் சொல்லுக்குப் பெறுமதி இல்லை, மூன்றாவது கத்தலுக்குத்தான் இருக்க வேண்டும் என்று. ஒருமுறை சொல்லுங்கள். மனதுக்குள் ஐந்து எண்ணுங்கள். இருந்தால் அவித்த ஈரலில் ஒரு துண்டு. இருக்காவிட்டால் திரும்பச் சொல்லாமல் நாலடி தள்ளிப் போய், அவன் வந்த பிறகு புதிதாகத் தொடங்குங்கள். ஒரு தடவைக்கு ஐந்து நிமிடம் போதும், நாளுக்கு மூன்று தடவை. நீட்டினால் சலித்துவிடுவான், சலித்த றொட்வைலரை அசைக்க ஏலாது.

இன்னொன்றையும் கவனியுங்கள். எங்கள் வீடுகளில் நாயோடு அப்பா இங்கிலீசில் "சிற்" என்பார், அம்மா "இரு" என்பார், பிள்ளைகள் "உக்கார்" என்று படத்தில் வருவதுபோலச் சொல்வார்கள். நாய்க்கு இவை மூன்றும் மூன்று சொல். "இரு, நில், வா, விடு" என்று நாலு சொல்லை எழுதிக் குசினிக் கதவில் ஒட்டுங்கள். மூன்று பேரும் அதையே சொல்லுங்கள்.

அப்பாவுக்கு மட்டும் கேட்கிறான் என்பதற்குக் குரல் காரணமாக இருக்காது. யார் அவனை வெளியே கூட்டிப் போகிறார், யார் கையால் சாப்பாடு வருகிறது, யார் சொன்னதைச் சொன்னபடி செய்கிறார் என்று பாருங்கள். மூன்றுக்கும் விடை அப்பாவாக இருக்கும் என்றே நினைக்கிறேன். என் வீட்டில் இப்போது இருக்கிற ஜூலி நாற்பது கிலோ. அவளை ஆட்டிப்படைக்கிறவர் எழுபத்தெட்டு வயது மாமி. குரலை உயர்த்தியதே இல்லை. காலையில் அவர் படலை திறந்தால்தான் ஜூலி வெளியே போவாள், "நில்" என்றால் திறந்த படலையில் நிற்பாள். மாமி ஒருநாளும் சொல்லை மாற்றியதில்லை, அவ்வளவுதான்.

இனி அந்த உறுமலுக்கு வருகிறேன்.

உறுமல் நாயின் பாசையில் ஒரு முறைப்பாடு. "கிட்ட வராதேங்கோ, எனக்கு மனம் சரியில்லை" என்கிறான். கடிப்பதற்கு முன் சொல்கிற சொல் அது. சொல்கிற வாயை அடைத்துவிட்டால் சொல்லாமல் கடிப்பான். இதை நான் பட்டுப் படித்தவன். என் முதல் நாய் சீசர் ஒரு வயதில் எலும்பை வைத்துக்கொண்டு உறுமினான். அந்தக் காலத்தில் எங்களுக்குத் தெரிந்த வைத்தியம் பூவரசந் தடிதான். இரண்டு நாள் அடித்தேன், உறுமல் நின்றது, வென்றுவிட்டேன் என்று நினைத்தேன். ஒரு மாதம் கழித்துச் சட்டிக்குப் பக்கத்தில் விழுந்த தும்புத்தடியை எடுக்கக் குனிந்தபோது, ஒரு சத்தமும் இல்லாமல் முன்னங்கையைப் பிடித்தான். ஆறு தையல். பிழை அவனுடையது இல்லை. எச்சரிக்கை செய்தால் அடி விழும் என்று நான்தான் படிப்பித்திருந்தேன். பிறகு அவன் நம்பிக்கையைத் திரும்பப் பெற எனக்கு ஒன்றரை வருடம் பிடித்தது.

அதனால் அம்மாவிடம் சொல்லுங்கள்: சாப்பிடும்போது சட்டியை எடுக்க வேண்டாம். "ஆர் பெரிய ஆள் என்று காட்ட வேணும், சட்டியை இடையில பறிக்க வேணும்" என்று ஊரில் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அது நாய்க்குக் காட்டுவது ஒன்றே ஒன்றுதான்: மனிசர் கிட்ட வந்தால் சாப்பாடு போகும். நீங்கள் இதைத் தலைகீழாக்க வேண்டும். அவன் சாப்பிடும்போது, அவன் உடம்பு இறுகாத தூரத்தில், ஏழெட்டு அடி தள்ளி அம்மா நடந்து போகட்டும். போகிற போக்கில் சோற்றைவிட ருசியான ஒன்றை, ஒரு துண்டு அவித்த கோழியையோ முட்டையையோ, சட்டிப் பக்கம் எறிந்துவிட்டு நிற்காமல் போய்விட வேண்டும். நாலைந்து நாளில் அம்மாவின் காலடிச் சத்தம் கேட்டால் அவன் தலையைத் தூக்கி வாலை ஆட்டுவான். அதற்குப் பிறகுதான் ஓரடி கிட்ட. ஒவ்வொரு அடிக்கும் இரண்டு மூன்று நாள் கொடுங்கள். உடம்பு இறுகினாலோ அவசரமாக விழுங்கத் தொடங்கினாலோ, நீங்கள் கெதியாகக் கிட்ட வந்துவிட்டீர்கள் என்று அர்த்தம். ஓரடி பின்னால் போங்கள். பக்கத்து வீட்டுச் சின்னப்பிள்ளைகள் வந்து போகிற வீடு என்றால் சாப்பாடு எப்போதும் பூட்டிய இடத்தில்தான். அதில் விட்டுக்கொடுக்க வேண்டாம்.

எல்லாச் சத்தமும் கோப உறுமல் என்றும் எடுக்காதீர்கள். இந்தச் சாதிக்கு ஒரு விசேஷம் உண்டு. தடவிக் கொடுக்கும்போது நெஞ்சுக்குள்ளிருந்து கரகரவென்று ஒரு முனகல் வரும். பூனை கொடுப்பதுபோல, சந்தோஷத்தில் வருவது. முதல் தடவை கேட்பவர் பயந்துபோவார். வித்தியாசத்தை உடம்பில் பாருங்கள். சந்தோஷ முனகலில் உடம்பு குழைந்திருக்கும், வாய் திறந்திருக்கும், பாரத்தை உங்கள் மேல் சாய்ப்பான். எச்சரிக்கை உறுமலில் உடம்பு கட்டையாக நிற்கும், வாய் மூடியிருக்கும், தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் திருப்புவான், வெள்ளை விழி தெரியும். வால் ஆடுகிறது என்பதை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். விறைத்து உயர்ந்த வாலும் ஆடும்.

சாய்வதும் அப்படித்தான். உங்கள் காலில் முழுப் பாரத்தையும் கொடுத்து நிற்பான், கதவடியில் இடுப்பால் இடிப்பான், ஓடுகிற பிள்ளைகளைச் சுற்றி வந்து தோளால் தள்ளுவான். மாடு ஓட்டிய பழக்கம். வளர்ந்த ஆண் தோளுயரம் 61 முதல் 68 சென்ரிமீற்றர், பாரம் ஐம்பது கிலோ வரும். பத்து மாதத்தில் விளையாட்டாகத் தெரிவது இரண்டு வயதில் ஒரு கிழவியை விழுத்திவிடும். தள்ளினால் விளையாட்டு நிற்கும் என்பதை இப்போதே அறிந்திருக்கட்டும்.

சங்கிலி ஏன் கூடாது? மாமரத்தடியில் நின்று அவன் என்ன பார்க்கிறான் என்று ஒருநாள் பக்கத்தில் இருந்து பாருங்கள். ஒழுங்கையால் மீன்காரர் ஹோர்ன் அடித்துக்கொண்டு போகிறார். பாய்கிறான், சங்கிலி கழுத்தை இழுக்கிறது. பக்கத்து வளவுக் கோழி வேலிக்குள்ளால் வருகிறது. பாய்கிறான், கழுத்து இழுபடுகிறது. கரண்ட் மீற்றர் பார்க்கிறவர் வருகிறார், திரும்பவும் அதே. ஒரு நாளில் முப்பது தடவை, வெளியாள் வந்தால் கழுத்து நோகும் என்று படிக்கிறான். விலகிப்போக இடமில்லாத நாய்க்கு மிஞ்சுவது பல்லுத்தான். பிறகு இரவில் அதே நாயை அவிழ்த்துவிட்டுக் காவல் காக்கச் சொல்கிறோம். யாழ்ப்பாணத்தில் எத்தனையோ வீடுகளில் இப்படித்தான் கடிநாய் உருவாகிறது. சாதிக்கு அதில் பங்கு குறைவு.

மாமரத்தைச் சுற்றிப் பத்துக்குப் பதினைந்து அடியில் கம்பிவலைக் கூடு ஒன்று அடியுங்கள், மேலே கிடுகு போடுங்கள். தகரம் வேண்டாம், வெந்துபோவான். ஆள் வரும் நேரம் அதற்குள்; மற்ற நேரம் உங்களோடு விறாந்தையில். சீமெந்துத் தரையில் வெறுமனே படுக்கவிட்டால் இந்தப் பாரத்துக்கு முழங்கையில் நீர்க்கட்டி வரும், சாக்கை மடித்துத் தடிப்பாகப் போடுங்கள்.

"வீட்டுக்குள்ள விட்டால் காவல் காக்கமாட்டான்" என்று அப்பா சொல்லக்கூடும். என் அனுபவம் நேர்மாறு. காவல் இவனுக்குப் படிப்பிக்க வேண்டிய விஷயமே இல்லை, இரத்தத்தில் இருக்கிறது. இரண்டு வயதுக்குள் தானாக வரும். படிப்பிக்க வேண்டியது, யார் வரலாம் என்பதைத்தான். அதை அவன் உங்களைப் பார்த்துத்தான் அறிய முடியும். தபால்காரர் வந்தால் நீங்கள் சிரித்துக் கதைப்பதைப் பார்க்க வேண்டும். படலையில் ஆள் கூப்பிட்டால் அவனை "இரு" என்று இருத்திவிட்டு நீங்கள் போய்த் திறக்க வேண்டும். ஆர் உள்ளே வருவது என்பது உங்கள் முடிவு என்று தெரிந்த நாய் அமைதியாக இருக்கும். தெரியாத நாய் எல்லா முடிவையும் தானே எடுக்கும். ஜூலி பகலில் ஒருவரையும் குரைப்பதில்லை. ஒருநாள் இரவு இரண்டு மணிக்குப் பின்மதிலில் கை வைத்த ஒருவன், அவள் மதிலுக்குக் கீழே பேசாமல் போய் நின்றதைப் பார்த்தே இறங்கி ஓடிவிட்டான். செருப்பு மட்டும் கிடந்தது.

உங்களுக்கு ஒரு பரீட்சை ஆவணியில் வரும். நல்லூர்த் திருவிழாவுக்கு அண்ணன் குடும்பத்தோடு வருவார் என்று நினைக்கிறேன். காசு அனுப்பி வாங்கியவர் என்ற உரிமையோடு நேரே வந்து கட்டிப்பிடிக்கப் பார்ப்பார். நாய்க்கு அவர் அந்நியர். பிள்ளைகள் ஓடுவார்கள், பத்துப் பேர் ஒரே நேரத்தில் கதைப்பார்கள், விமானத்தில் வந்த பெட்டிகளின் மணம் வேறு. முதல் நாள் அவன் கூட்டுக்குள் இருக்கட்டும். அடுத்த நாள் விடிய, அண்ணனும் நீங்களும் சேர்ந்து நாயோடு ஒழுங்கையில் நடவுங்கள், பக்கத்துப் பக்கத்தில், அண்ணன் அவனைப் பார்க்காமல். அரை மணித்தியாலத்தில் அவனே வந்து மணப்பான். பிள்ளைகளை மட்டும் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இல்லாமல் அவனோடு விட வேண்டாம், எவ்வளவு நல்ல நாய் என்றாலும். திருவிழா வெடி, செத்தவீட்டு வெடி நேரங்களில் உள் அறையில் காற்றாடியைப் போட்டுக் கூட இருங்கள்.

உடம்பு விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வெயில்தான் முதல் எதிரி. கறுப்பு உரோமம், அடர்ந்த உடம்பு, காண்டாவன வெயில். விடிய ஆறு மணிக்கு முதலும் பொழுது பட்ட பிறகும்தான் நடை. றோட்டில் புறங்கையை வைத்து ஏழு விநாடி பொறுக்க முடியாவிட்டால் அவன் பாதமும் பொறுக்காது. மூச்சு வாங்கி, முரசு செக்கச்சிவந்து, தள்ளாடினால் கிணற்றடிக்குக் கொண்டுபோய் உடம்பு முழுக்க வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிக் காற்றில் வைத்து, உடனே வைத்தியரிடம்.

சோறும் மீன்தலையும் மட்டும் போதாது, இறைச்சியோ முட்டையோ வேண்டும். கறி மிச்சம் போடாதீர்கள். வெங்காயமும் உள்ளியும் நாயின் இரத்தத்தைக் கெடுக்கும். அவித்த கோழி எலும்பு சிலாகையாக உடையும். பைக்கற் தீன் கொடுக்கிறவர்கள் குட்டிக்குக் கல்சியம் மருந்தும் சேர்த்து ஊற்றுவது பெரிய பிழை, பெரிய சாதிக் குட்டிகளின் எலும்பு அதனாலேயே கோணும். ஒரு நாள் சாப்பாட்டை இரண்டாகப் பிரித்துக் கொடுங்கள், சாப்பிட்டதும் ஓடவிடாதீர்கள். ஆழ்ந்த நெஞ்சுக்கூடு உள்ள நாய்க்கு வயிறு ஊதித் திருகிக்கொள்ளும், அது சில மணித்தியாலத்தில் உயிரை எடுத்துவிடும். கட்டியிருக்கிற மரம் மாமரம் என்கிறீர்கள். கறுத்தக்கொழும்பான் விழுகிற காலத்தில் கொட்டைகளை விடியவே பொறுக்கிவிடுங்கள். விழுங்கினால் குடலை அடைக்கும், வயிற்றை வெட்டித்தான் எடுக்க வேண்டும்.

உண்ணிக்கு மண்ணெண்ணெய் பூச வேண்டாம், சொறிக்கு எஞ்சின் ஒயில் பூச வேண்டாம். இரண்டும் தோலாலும் நக்குவதாலும் உடம்புக்குள் போகிற நஞ்சு. உண்ணிக்கு வைத்தியரிடம் மருந்து இருக்கிறது. காய்ச்சல், சோர்வு, முரசு வெளிறல், மூக்கால் இரத்தம் என்றால் உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம், இரத்தம் சோதிக்க வேண்டும். பார்வோ என்கிற வாந்தி, வயிற்றோட்ட வைரஸ் நோய் இந்தச் சாதியை மற்றவற்றைவிட மோசமாகத் தாக்கும், குட்டியில் போட்ட ஊசிகள் முழுதும் முடிந்ததா என்று அட்டையைப் பாருங்கள். விசர்நாய்க்கடி ஊசி வருடாவருடம் தப்பாமல் போட வேண்டும், பிரதேச சபையில் பதிவும் செய்துவிடுங்கள். உங்கள் நாய் என்றாலும் பல் பட்டுவிட்டால் சவுக்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவி ஆசுப்பத்திரிக்குப் போக வேண்டும்.

ஆண் நாயை நலம் தட்டினால், அதாவது விதை எடுத்தால், அடங்குவான் என்று பலர் சொல்வார்கள். ஒரு வயதுக்கு முன் அதைச் செய்த றொட்வைலர்களில் எலும்புப் புற்று கூடுதலாகக் கண்டிருக்கிறார்கள். எலும்பு முற்றும்வரை பொறுத்து, பிறகு வைத்தியரோடு கதைத்து முடிவெடுங்கள். சட்டி உறுமலுக்கு அது மருந்தில்லை.

ஒன்றை மட்டும் முதலில் செய்யுங்கள். பத்து மாதத்தில் திடீரென்று உறுமத் தொடங்கினான் என்றால், எங்காவது நோகிறதா என்று பார்க்க வேண்டும். இந்தச் சாதிக்கு இடுப்பு மூட்டும் முழங்கை மூட்டும் சிறுவயதிலேயே பழுதாகும். படுத்தெழும்பும்போது பின்கால் இறுகுகிறதா, படியேறத் தயங்குகிறானா, ஓடும்போது முயல்போல இரண்டு பின்காலையும் சேர்த்துத் தூக்குகிறானா? அப்படியென்றால் கால்நடை வைத்தியரிடம் கொண்டுபோய் எக்ஸ்றே எடுக்க வேண்டும் என்று கேளுங்கள். நோவுள்ள நாய்க்கு எந்தப் பழக்கமும் ஏறாது.

நாளையிலிருந்து காலைச் சாப்பாட்டை அம்மா கையால் கொடுக்கட்டும், அப்பா பின்னால் நிற்கட்டும். சட்டியை வைத்துவிட்டு அம்மா திரும்பிப் போய்விட வேண்டும். ஆறு கிழமை கழித்து அம்மா எத்தனை அடி கிட்டப் போகிறார் என்று எழுதுங்கள்.